ஆறு ஊர்களுக்கான மன்றாட்டு

மதலைமுத்து பேஸ்பால் மட்டையை ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை. அந்தப் பந்து என்ன கனம் இருக்கும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அமெரிக்காவில் அந்த ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே எந்தெந்த அணி முதலிடத்துக்கு வரும் என்று மைசூரு காந்திநகரில் உட்கார்ந்துகொண்டு பதினான்கு வருஷமாகச் சொல்லிவந்தவர் அவர்தான். சிரிக்காதீர்கள். ஆறில் நாலு சரியாகச் சொன்ன வருஷங்கள் உண்டு, ஐந்து சொன்ன வருஷமும் உண்டு.

அவர் பிறந்தது மார்டள்ளியில். சோளமும் மரவள்ளியும் போட்ட குடும்பம். கொள்ளேகாலில் தட்டச்சுப் படித்துவிட்டு மைசூருக்கு வந்தவர், கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரியிடம் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதில்தான் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அரசியல், கொலை, கல்யாணச் செய்தி எல்லாம் இளம்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் எறும்பு வரிசையாக எண்கள் நிற்கும் கட்டங்கள் இருந்தன. யாருக்கும் அவை வேண்டாம். இவர் தலையில் கட்டினார்கள்.

அதுதான் பேஸ்பால். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கட்டம். யார் எத்தனை தடவை மட்டை பிடித்தான், எத்தனை ஓட்டம், யார் பந்து போட்டான், யார் நழுவவிட்டான் என்று அத்தனையும் எண்களாக இருக்கும். வேறு யாராக இருந்தாலும் அடித்துத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இந்த மனிதருக்கு என்ன பிடித்ததோ, விதிப்புத்தகத்தை வரவழைத்துப் படித்தார். பதினோரு வருஷம் அந்தக் கட்டங்களையே அடித்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முகம் வாடியிருக்கும். "என்னாச்சுங்க?" என்று மனைவி மோலி கேட்டால், "பாவம் மோலி, அந்தப் பையன் இன்னிக்கு நாலு வாட்டி வந்தான், ஒண்ணும் எடுக்கல" என்பார். அந்தப் பையன் ஆடியது பத்து வருஷத்துக்கு முந்தி. இப்போது அவனுக்கே பையன் பிறந்திருப்பான்!

பந்தயம் அந்த ஆபீசில்தான் ஆரம்பித்தது. முப்பது அணிகள். அவற்றை ஐந்தைந்தாக ஆறு பிரிவாக வகுத்திருப்பார்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை ஆடுவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் யார் முதலிடம் என்று முதல் பந்து போடுமுன் ஆறு அணிகளைச் சொல்லிவிட வேண்டும். இவரையும் சேர்த்து அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேர் கூடி இதை நடத்தினார்கள். பிறகு கம்பெனி மூடியது, ஆளுக்கொரு பக்கம் போனார்கள், பந்தயம் மட்டும் செல்போனுக்கு மாறி உயிரோடு இருந்தது. ஜெயித்தவர் வீட்டுக்கு மற்ற ஐந்து பேரும் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார்கள். ஜெயித்தவர் ஆக்கிப்போட வேண்டுமாம். இது என்ன நியாயமோ!

ஆக, கணவர் ஜெயித்த போதெல்லாம் மோலிதான் ஐந்து பேருக்குக் கறி ஆக்கினாள். தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து, கடைசியில் தலைமை நர்ஸாக ஓய்வுபெற்றவள் அவள். டாக்டர்களே அவள் குரல் கேட்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். "அந்த அமெரிக்கா பேச்சை வாசப்படிக்கு வெளியவே வெச்சுட்டு வாங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவரும் சரி என்று, அன்றிலிருந்து வீட்டுக்குள் பேஸ்பால் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் அப்படித்தான். சொன்னால் கேட்டுக்கொள்வார்.

போன நவம்பரில் ஒருநாள் காலை தோசையைப் பிட்டவர் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. மோலிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். உயிர் பிழைத்தது. வலது கை போயிற்று. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. "அது... அது..." என்பார், அதற்கு மேல் வராது. தண்ணீர் என்ற சொல் வராது. மோலி என்ற பெயரும் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒருநாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்ட பெயர்.

இதில் ஒரு விசித்திரம், ஜெபம் மட்டும் வரும். சாயங்காலம் மோலி ஜெபமாலையை எடுத்து ஆரம்பித்தால், பதில் பாகத்தை அவர் கடகடவென்று சொல்லிவிடுவார், ஒரு எழுத்து பிசகாது. முதல்நாள் அதைக் கேட்டபோது மோலி, கடவுள் புதுமை செய்துவிட்டார் என்று ஓடிப்போய் விளக்கேற்றினாள். மானசகங்கோத்ரிப் பக்கம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும்போது அங்கிருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண் நல்லவள், பொய் சொல்லத் தெரியாதவள். ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, இதெல்லாம் பழக்கத்தில் தானாக வருவது என்று கன்னடத்தில் பொறுமையாக விளக்கினாள். அதை வைத்து அவருக்கு எல்லாம் புரிகிறது என்று நினைத்துவிட வேண்டாம் என்றாள். மோலி நர்ஸ், அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் வீடு வருகிறவரை ஆட்டோவில் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெங்களூருவிலிருக்கும் மகன் கிரிஸ் போனில், "அம்மா, அப்பா இப்ப குழந்த மாதிரி. ஒப்புக்கோம்மா, உனக்கும் நிம்மதி" என்றான்.

"குழந்தையை வளத்தவ நான். குழந்த எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ போனை வை" என்றாள் மோலி.

வைத்துவிட்டாளே தவிர, ராப்பகலாக அவளை அரித்தது அந்த ஒரு கேள்விதான். இந்த உடம்புக்குள்ளே அவர் இருக்கிறாரா, இல்லையா? குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், அதெல்லாம் அவளுக்குக் கஷ்டமே இல்லை. யாருக்குச் செய்கிறோம் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

மார்ச் கடைசி வாரம் அவருடைய செல்போன் கிணுகிணுத்தது. பந்தயக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் தொட்டையன் செய்தி போட்டிருந்தார். ஹனூர்க்காரர், பழைய ஆபீசில் பக்கத்து நாற்காலி. புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் ஆறு பெயர்களும் வந்துவிட வேண்டும் என்று எழுதி, கீழே குரலில் பேசியிருந்தார். "மோலி அக்கா, முத்து அண்ணன் பேரு இல்லாம பட்டியல் போட எங்களுக்கு மனசு வரலீங்க. போன வருஷம் அவரு சொன்னதையே இந்த வருஷமும் போட்டுக்கறோம். நீங்க ஒண்ணும் செய்யோணும்னு இல்லீங்க."

அன்பாகச் சொன்னதுதான். ஆனால் மோலிக்குச் சுருக்கென்றது. இறந்தவர்களுக்குத்தானே பழைய படத்தை எடுத்து மாட்டுவார்கள்! பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள். "தொட்டையன், அவர் சொல்லாத பேரை அவர் பேர்ல போட வேண்டாம். நான் கேட்டுச் சொல்றேன்."

சொல்லியாயிற்று. கேட்பது எப்படி?

அவருடைய மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் முப்பது ஊர்களையும் ஆறு பிரிவாக எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை அதைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்து, "இதா? இதா?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மரியாதைக்காரர், யார் எது கேட்டாலும் தலையாட்டுவது அவர் சுபாவம். செவ்வாய்க்கிழமை பெரிய எழுத்தில் தனித்தனிக் காகிதமாக எழுதி முன்னால் பரப்பினாள். இடது கையால் காட்டச் சொன்னாள். கை எல்லாவற்றின் மேலும் அலைந்தது, எதிலும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மோலி காகிதங்களை அள்ளிச் சுருட்டினாள். "போகட்டும் விடுங்க. இந்த ஆட்டமே ஒரு பீடை" என்றாள். சமையலறையில் போய் நின்று அவளும் அழுதாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வழக்கம்போல ஜெபமாலை. முடித்ததும் மன்றாட்டு மாலை. ஒருவர் மாதா, புனிதர்கள் பெயரைச் சொல்ல, மற்றவர் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டே போவது அது. மோலி ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல அவர் தாளம் தப்பாமல் பதில் சொன்னார். முடிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு எழும்போது, மேசை மேல் அந்த நோட்டு கிடப்பது கண்ணில் பட்டது. ஒன்பது மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கடைசியாக ஒருதரம் என்று கையில் எடுத்தாள். வாய் இன்னும் அந்த ராகத்திலேயே இருந்தது.

"பால்டிமோர்..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் மதலைமுத்து.

மோலி திடுக்கிட்டாள். "பாஸ்டன்..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நியூயார்க், டாம்பா, டொரன்டோ, ஐந்துக்கும் வேண்டிக்கொண்டார். ஐந்துக்கும் ஒரே குரல், ஒரே வேகம். பயிற்சிக்காரப் பெண் சொன்னது சரிதான், எல்லாம் பழக்கம். மோலிக்கு அழுகை வர வேண்டியது, கோபம் வந்தது. வார்டு முழுக்கக் கேட்கும் அந்தப் பழைய குரல் கன்னடமும் கலந்து வந்தது.

"ஏங்க! இது ஜெபம் இல்ல. உங்க ஆட்டம். ஸ்வல்ப என் மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க. எது ஜெயிக்குமோ அதுக்கு மட்டும் வேண்டிக்கணும். மத்ததுக்கு வாயை மூடிட்டு இருக்கணும். ஆயித்தா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

மோலி அடுத்த பிரிவுக்குப் போனாள். "சிகாகோ." பதில் இல்லை. "கிளீவ்லாந்து." இல்லை. அசந்துவிட்டாரோ என்று பார்த்தாள். கண் விழித்தே இருந்தது, உதடு இறுக மூடியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தானாக வருகிற சொல்லை வரவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்! "டெட்ராய்ட்" என்றாள் மோலி, மெதுவாக.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கான்சாஸ் சிட்டி." இல்லை. "மின்னசோட்டா." இல்லை.

முன்னைப் போல விளக்கேற்ற ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் நர்ஸ் நர்ஸ்தான். ஒரு மாத்திரை கொடுக்க இரண்டு தடவை சீட்டைப் பார்க்கிறவள். அதே ஐந்தை முன்பின்னாக மாற்றி மறுபடி வாசித்தாள். டெட்ராய்டுக்கு மட்டுமே வாய் திறந்தது. முதல் பிரிவுக்குத் திரும்பிப் போனாள். இந்தத் தடவை நாலு ஊர்களை விட்டுவிட்டு டொரன்டோவுக்கு மட்டும் வேண்டிக்கொண்டார். மூன்றாவதில் சியாட்டில், நாலாவதில் பிலடெல்பியா. ஐந்தாவது பிரிவில் செயின்ட் லூயிஸ் என்று ஓர் ஊர் இருந்தது. அது உண்மையிலேயே புனிதர் பெயர், அவரை நினைத்து இவர் கட்டாயம் சொல்லிவிடுவார் என்று மோலி பயந்துகொண்டே வாசித்தாள். வாயைத் திறக்கவே இல்லை. மில்வாக்கிக்குச் சொன்னார். மோலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புனிதரையே ஒதுக்கிட்டீங்களா! இருங்க, சாமியார்கிட்ட சொல்றேன்" என்றாள். அவர் உதட்டின் கோணாத பக்கம் லேசாக மேலே போனது.

கடைசிப் பிரிவு. அரிசோனாவுக்கு இல்லை. "கொலராடோ."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இருந்ததிலேயே பெரிய குரலில்.

லாஸ் ஏஞ்சலசுக்கு இல்லை. மற்ற இரண்டுக்கும் இல்லை. மாற்றி வாசித்தாள், கொலராடோ. இன்னொரு தடவை வாசித்தாள், கொலராடோ.

மோலி பட்டியலோடு கூடத்துக்கு வந்து கிரிசைக் கூப்பிட்டாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெயர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான். பிறகு, ஆறு பெயரையும் கணினியில் பார்த்துவிட்டு இழுத்தான். "அம்மா... மத்த அஞ்சும் ஓகே. ஆனா கொலராடோ போன வருஷம் கடைசிம்மா. அது ஒரு வருஷம்கூட அந்தப் பிரிவுல ஃபர்ஸ்ட் வந்ததே இல்லையாம். ஆட்டம் தெரிஞ்ச யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. மத்ததுகூட சும்னே, தற்செயலா, அப்படி அமைஞ்சிருக்கலாம். ஆசையை வளத்துக்காதம்மா."

"சரி" என்று வைத்தாள்.

மணி எட்டரை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மோலி உட்கார்ந்திருந்தாள். கொலராடோவை எடுத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆறும் புத்திசாலித்தனமாக இருக்கும். முத்து அண்ணன் முன்போலவே இருக்கிறார் என்று அந்த ஐந்து பேரும் சந்தோஷப்படுவார்கள். கொலராடோ என்று அனுப்பினால், ஐயோ பாவம், மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதை அவள் கேட்க வேண்டும். லாஸ் என்று அடித்தும்விட்டாள். பிறகு அந்தப் பெரிய குரல் நினைவுக்கு வந்தது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவர் சொன்ன ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றை எழுத அவளுக்கு என்ன உரிமை? அடித்ததை அழித்தாள். கொலராடோ என்று எழுதி, அனுப்பிவிட்டாள்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, தொட்டையன் கூப்பிட்டார்.

"அக்கா, இது யாரு சொன்ன பேருங்க்கா?"

"அவர்தான்."

"கொலராடோவுமா? நீங்க போட்டதில்லையே?"

மோலிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அவர் சொன்னாரு, நான் போட்டேன். தப்பா இருந்தா இருக்கட்டும். உங்களுக்கு என்ன இப்ப?"

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஐம்பத்தெட்டு வயசு ஆள் தேம்பித் தேம்பி அழுகிற சத்தம்.

"அக்கா, அண்ணன் இருக்கறாருங்க்கா. அப்படியே இருக்கறாரு. பதினாலு வருஷமா அந்தப் பிரிவுக்கு அவரு சொல்றது கொலராடோ ஒண்ணுதான். வேற ஒரு பைத்தியமும் சொல்லாது. அதனாலதான் அவருக்கு ஒரு வருஷமும் ஆறும் சரியா வந்ததில்ல. நாங்க எவ்வளவு கிண்டல் பண்ணுவோம்! உங்ககிட்ட சொன்னதில்லீங்களா?"

"நான்தான் பேசவே விட்டதில்லையே" என்றாள் மோலி. "ஏன் அந்த ஊரு?"

"அது மலை மேல இருக்கற ஊருங்க்கா, காத்து லேசு, பந்து தூரமாப் போகும். அந்த ஊரு கட்டத்துல சைபரே கம்மி. தோத்தவன்கூட ஒம்பது ஓட்டம், பத்து ஓட்டம் எடுத்திருப்பான். நாளெல்லாம் சைபரா அடிச்சு அடிச்சு கை நொந்திருக்கறப்ப அந்தக் கட்டம் வந்தா அண்ணன் முகத்தைப் பாக்கோணும். 'தொட்டையா, தோத்தவனும் வயிறு நெறஞ்சு வீட்டுக்குப் போற ஊருடா இது. இவங்க ஒரு வருஷமாச்சும் ஜெயிக்கோணும்'பாரு. அஞ்சு புத்தியில சொல்றது, ஒண்ணு மனசுல சொல்றதும்பாரு."

மோலி போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனிதர். இவ்வளவு பெரிய மனசை வாசப்படிக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

உள்ளே போனாள். அவர் அதே நாற்காலியில் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். மோலி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"போட்டாச்சுங்க. ஆறும் போட்டாச்சு. கொலராடோவும் போட்டாச்சு. தொட்டையன் எல்லாம் சொன்னாரு" என்றாள். "இனிமே என்கிட்டயும் சொல்லுங்க. தெனம் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் வாய் அசைந்தது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் முந்திக்கொள்வாள். தண்ணியா, பாத்ரூமா, படுக்கணுமா என்று ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போவாள். இன்று சும்மா இருந்தாள். உதடு கூடிற்று, பிரிந்தது, மறுபடி கூடிற்று. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"மோ..." என்றார். நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, மன்றாட்டு மாலையின் அதே ராகத்தில் எடுத்தார். "மோலி..."

பெயர் சொல்கிறவர் சொல்லி நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். இப்போது பதில் அவள் பாகம். அவளுக்குத் தெரியாத பதிலா? நாக்கில்தான் இருந்தது. ஆனால் ஒரு எழுத்து வெளியே வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. ஐந்து மாதமாக அவள் அவருக்காகக் காத்திருந்த மாதிரி அவரும் காத்திருந்தார். பிறகு, பாவம், இவளுக்கு வரவில்லை என்று புரிந்துகொண்டவராக அவள் பாகத்தையும் தானே சொன்னார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"வேண்டிக்கறேங்க" என்றாள் மோலி.